கி.மு., கி.பி., குச்சிக்கிழங்கு

இந்திய விவசாயத் தொலைக்காட்சியின் வரலாறு இரண்டு யுகங்களாகப் பிரியும்: கி.மு., கி.பி. அதாவது, கிருஷி தர்ஷனுக்கு முன், கிருஷி தர்ஷனுக்குப் பின். 1967 ஜனவரி 26 அன்று, டெல்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களுக்காக அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் அவதாரம் நிகழ்ந்தது. சேலம், நாமக்கல் பக்கம் யாரும் கும்மி அடிக்கவில்லை. எப்படி அடிப்பார்கள், வீட்டில் பெட்டியே கிடையாதே.

கி.மு. காலத்தில் வானொலியின் ராஜ்யம். முகம் தேவையில்லை என்பதால் ஆள் எடுப்பது சுலபம். குரல் கணீரென்று இருக்க வேண்டும். 'ஏக்கருக்கு' என்று சொன்னால் கேட்பவனுக்குத் தன் ஏக்கர் கண்ணில் தெரிய வேண்டும். திருச்சி வானொலி அந்த வித்தையில் தேறியிருந்தது. அதன் பேச்சைக் கேட்டுத் தஞ்சாவூர்க்காரர்கள் ஆடுதுறை 27 நெல்லை விதைத்தார்கள். விளைந்ததும் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். எந்தத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் பேரிலாவது ஒரு கத்தரிக்காய் உண்டா, சொல்லுங்கள்.

1975 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வானத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி இறங்கியது. ஆறு மாநிலங்கள், 2,400 கிராமங்கள். மேட்டூரைத் தாண்டினால் கர்நாடகம். அதற்குக் கிடைத்தது, நமக்கு இல்லை. இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 15 அன்று, சென்னைத் தூர்தர்ஷன் பிறந்தது. 'வயலும் வாழ்வும்' என்ற விவசாய நிகழ்ச்சி வந்தது. முதலில் அதைப் பார்க்கும் பாக்கியம் பெற்றவர்கள் சென்னைக்காரர்கள். மயிலாப்பூர் மாடி வீட்டில் உட்கார்ந்து நெல் குலைநோய்க்கு மருந்தடிக்கக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. சினிமாப் பாட்டு 'ஒளியும் ஒலியும்' வரும்வரை வேறு என்னதான் செய்வார்கள்?

வானொலி போலல்ல, தொலைக்காட்சிக்கு முகம் வேண்டும். முகம் பார்த்து ஆள் பிடிப்பதைச் சேலத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் 'மந்திரி குமாரி'யில் எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாகப் போட்டது. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்துத் தமிழுக்கு முழுநீள வண்ணத்தையே காட்டியது. அவ்வளவு கைராசியான ஊரை விட்டுவிட்டு, வயலுக்கு முகம் தேடும் வேலையைச் சென்னையில் வைத்துக்கொண்டார்கள். விளைவு என்ன? இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வரப்பில் நிற்பார். விவசாயி சேற்றில் நிற்பார். "ஐயா, அடியுரம் எவ்வளவு போட்டீங்க?" "நீங்க சொன்ன மாதிரியேதானுங்க." படப்பிடிப்புக்கு முன்னால், தோளில் கிடந்த துண்டைத் தலைப்பாகையாகக் கட்டச் சொல்லியிருப்பார்கள். இல்லாவிட்டால் விவசாயி என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?

சீமையில் வேறு மாதிரி. பிபிசியின் தோட்ட நிகழ்ச்சி நாயகர் பெர்சி த்ரோவர், கழுத்தில் டையோடு வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மண்ணில் கை வைப்பார். 'கார்டனர்ஸ் வேர்ல்ட்' நிகழ்ச்சியை 1969 முதல் ஆண்டுகொண்டிருந்தவர், ஐ.சி.ஐ. கம்பெனியின் தோட்ட மருந்து விளம்பரத்தில் நடிக்க ஒப்புக்கொண்டதும் 1976-இல் நிகழ்ச்சியை இழந்தார். இங்கே அந்தச் சட்டம் இருந்திருந்தால் தனியார் சேனல்களின் காலை நேரம் காலியாகியிருக்கும். நம் ஊரில் மருந்து விளம்பரம் கிடைத்தால்தானே நிகழ்ச்சியே!

2006-இல் மக்கள் தொலைக்காட்சி வந்தது. அதில் 'மலரும் பூமி' என்ற விவசாய நிகழ்ச்சி வந்தது. ஆங்கிலம் கலக்காமல் பேச வேண்டும் என்று தொகுப்பாளருக்குத் தமிழ்ப் பரீட்சையும் சேர்ந்துகொண்டது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆத்தூர், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பயிரிடுகிறவரிடம் 'பாயிண்ட்' என்ற சொல் இல்லாமல் விலை பேசிப் பாருங்கள். கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லில் விலை போடுவார்கள். மில்காரர் சொல்லும் பாயிண்டும் விவசாயி மனதில் இருக்கும் பாயிண்டும் இதுவரை ஒத்துப்போனதில்லை. அங்கே நின்று, "என்ன பாயிண்டுங்க போட்டாங்க?" என்று கேட்பவருக்கு முன்னால் எந்த விவசாயியும் வாய் மூடி நிற்க மாட்டார். கேட்டவர் வீடு திரும்ப இருட்டிவிடும்.

கி.பி.யின் கடைசிக் கட்டம் 2024 மே 26 அன்று விடிந்தது. டி.டி. கிசான் சேனல் 'கிரிஷ்', 'பூமி' என்று இரண்டு தொகுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தது. இருவரும் கணினி பெற்ற பிள்ளைகள். சோர்வே இல்லாமல் ஆண்டு முழுக்க வாசிப்பார்கள். ஐம்பது மொழி பேசுவார்கள். சம்பளம், படி, டீ எதுவும் வேண்டாம். காலில் சேறு ஒட்டாத தொகுப்பாளரை இத்தனை வருஷம் தேடியவர்களுக்குக் கடைசியில் காலே தேவைப்படாத ஆள் கிடைத்துவிட்டார்.

அடுத்த தேர்வை நடத்தப்போகும் புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். அறுவடைச் சமயத்தில் ஆத்தூருக்கு ஒரு கேமராவோடு வாருங்கள். சேகோ மில் வாசலில் கிழங்கு லாரி வரிசை கட்டி நிற்கும். பாயிண்ட் குறைந்ததற்காகச் சத்தமாகச் சண்டை போடும் அம்மாவைப் பாருங்கள். அவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஓரமாக நில்லுங்கள்.