குட்டி யானை மேல் குடித்தனம்: ஆரணி வட்டார நகரும் இல்லங்கள் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

குட்டி யானையின் முதுகில் குடித்தனம் நடத்தலாமா? தமிழ்ப் புலமை உலகம் இக்கேள்விக்கு விடை சொன்னதில்லை. கேள்வியையே கேட்டதில்லை என்பதுதான் வருத்தம். இங்கே குட்டி யானை எனப்படுவது 2005இல் சந்தைக்கு வந்த டாடா ஏஸ். அதன் தட்டு ஏழடிக்குச் சற்றே கூடுதல் நீளம், ஐந்தடிக்குச் சற்றே குறைந்த அகலம். ஆரணியில் அதன் மேல் களம்பூர் அரிசி மூட்டை ஏறும், பீரோ ஏறும், ஒலிபெருக்கி ஏறும். ஆடி பிறந்தால், கோயிலுக்குப் போய்த் தங்கிப் பொங்கல் வைக்க, ஒரு வீடே ஏறும். அவ்வீடே நம் ஆய்வுப் பொருள். புளியமரத்தடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பழைய டிராக்டர் டிரெய்லர் துணைப் பொருள். களத்தின் கிழக்கெல்லை ஆரணி. மேற்கெல்லை ஆடி வெள்ளிக்குக் கூட்டம் அலைமோதும் படைவேடு ரேணுகாம்பாள் கோயில்.

2. முன்னோர் கருத்தும் அதன் மறுப்பும்

உல்லாசப் பயணத்துக்கென்றே செய்த முதல் வீட்டு வண்டி 1885இல் பிரிஸ்டல் நகரில் உருவானது என்பார்கள். செய்வித்தவர் கடற்படை மருத்துவராக இருந்த கார்டன் ஸ்டேபிள்ஸ். வண்டியின் பெயர் ‘வாண்டரர்’. இழுத்தவை இரண்டு குதிரைகள். உல்லாசம் என்ற சொல்லை நீக்கிவிட்டால் இந்த உரிமைக்கோரல் நிற்காது.

காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையைக் காண்க. உப்பு விற்கும் உமணரின் வண்டி அதில் வருகிறது. மேலே குடிசை போன்ற கூரை, கோழி அடைய இடம், தொங்கும் உரல், கயிற்றால் கட்டிய காடிக் கலம், கைப்பிள்ளையோடு மாடு ஓட்டும் பெண். ஆக, படுக்கையறை, சமையலறை, கால்நடைப் பண்ணை, பிள்ளை வளர்ப்பு, ஓட்டுநர் எல்லாம் ஒரே வண்டியில் அடக்கம். ஆரணி அந்தத் தொண்டைமான் ஆண்ட தொண்டை நாட்டு ஊர் என்பதால் காப்புரிமை யாருக்கு என்ற வழக்கு இத்துடன் தீர்ந்தது.

ஸ்டெப்னி பற்றியும் ஐயம் வேண்டாம். மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று உமணர் வண்டிக்கு அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிப் போனதை ஔவையார் புறநானூற்று 102ஆம் பாட்டில் பதிவுசெய்திருக்கிறார்.

3. கட்டுமானம்

தட்டின் நான்கு மூலையிலும் ஆங்கிள் கால்கள். மேலே குறுக்குப் பைப்புகள். கீழே பிளைவுட், அதன் மேல் கோரைப்பாய். இதுவரை கருத்து வேறுபாடு இல்லை. கூரையில்தான் அறிஞர்கள் இரு கட்சியாகிறார்கள். தார்ப்பாய்க் கட்சியினர் தகரத்தடியில் பகலில் இருந்தால் பொங்கலோடு சேர்ந்து நாமும் வெந்துபோவோம் என்பர். தகரக் கட்சியினர் ஆடிக் காற்றில் தார்ப்பாய் படபடக்கும் சத்தத்தில் அம்மன் கூடத் தூங்க முடியாது என்பர். வீடு மாற்றியபோது மிஞ்சிய தகரம் யாரிடம் இருக்கிறதோ அவர் கட்சியே ஒவ்வோர் ஆண்டும் வெல்கிறது.

இடநெருக்கடி பற்றி எக்கட்சியும் வாய் திறப்பதில்லை. இதுவே இவ்வாய்வின் மையப் புள்ளி. புவிசார் குறியீடு பெற்ற பட்டு நெய்யும் ஊர் இது. குழித்தறி உள்ள வீட்டில் நடுக்கூடம் தறிக்குச் சொந்தம். சுவரோரம் மிஞ்சும் இடம் குடும்பத்துக்கு. நெய்கிறவர் குழியின் விளிம்பில் அமர்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதி மிதிக்கிறார். பாவு ஓடுபவர் தெருவையே கூடமாக்கிக்கொள்கிறார். தறி இருக்கும் வீட்டிலேயே நான்கு பேர் புழங்கிப் பழகிய குடும்பத்துக்குத் தறி இல்லாத ஏழடித் தட்டு விசாலமான மாளிகை.

வெல்டிங் பட்டறையில் கேட்ட ஒரே வடிவமைப்புக் கேள்வி இதற்குச் சான்று:

“எல்லாம் சரிண்ணே, காலை எங்க விடறது?”

வெளிநாட்டுக் கேம்பர் செய்வோர் குளிர்சாதனப் பெட்டி எங்கே, கழிவறை எங்கே என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். நெசவாளருக்குக் காலின் இருப்பிடம் முதலில் தீர வேண்டும். பின்கதவை இறக்கி, விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டதும் சிக்கல் தீர்ந்தது. மிதிதான் இல்லை.

4. டிரெய்லர் மீட்பு

குடும்பம் பெருத்தால் குட்டி யானை போதாது. அப்போது புளியமரத்தடி டிரெய்லர் நினைவுக்கு வரும். அதை மீட்கும் படிநிலைகள்:

அ) வெளியேற்றம். உள்ளே அடைகாக்கும் கோழிக்கு மாற்று இடம் தர வேண்டும். குஞ்சு பொரிக்கும்வரை பணி ஒத்திவைக்கப்படும். பாட்டியின் தடையாணையை மீற யாராலும் ஆகாது.

ஆ) துரு. தேய்க்கத் தேய்க்கத் துரு போகும். கூடவே தரைத் தகடும் போகும். புதுத் தகடு வாங்கிப் பற்றவைக்க வேண்டும்.

இ) சக்கரம். பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் அடைக்க வேண்டும். விரிசல் விட்ட டயரை மாற்ற வேண்டும். இழுவைக் கம்பியின் ஊசி தேய்ந்திருந்தால் அதில் சிக்கனம் கூடாது; டிராக்டர் படைவேட்டிலும் டிரெய்லர் வழியிலுள்ள சந்தவாசலிலும் நிற்க நேரும்.

ஈ) பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு பூசி, பெயிண்ட் அடித்தல். பின்புறம் பிள்ளைகள் பெயர் எழுதுவது கட்டாயம். எந்தப் பெயர் முதலில் என்பதில் பணி மீண்டும் ஒத்திவைக்கப்படும்.

உமணர் வண்டியில் கோழி; ஆரணி டிரெய்லரிலும் கோழி. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மரபு அறுபடவில்லை என்பதற்கு இதைவிட உயிருள்ள சான்று தொல்லியலில் கிடைப்பது அரிது.

5. சட்டச் சிக்கல்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் தந்த அமைப்பை உரிமையாளர் இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிப் போவதும் குற்றம். கவிழ்ந்த வண்டிகளின் செய்தியைப் படித்தவர்களுக்கு இதன் நியாயம் புரியும்.

ஆரணி அறிவு இங்கேதான் ஒளிர்கிறது. கூண்டை வண்டியோடு பற்றவைக்காமல் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள். ஆகவே அது வண்டியின் உறுப்பாகாது. பீரோவைப் போல ஏற்றிய சரக்கு. பாய், தலையணை, அடுப்பு, பொங்கல் பானை, குடம் எல்லாமே சரக்கு. சரக்காக மாட்டோம் என்று அடம்பிடிப்பவர்கள் வீட்டு மனிதர்கள் மட்டுமே. அவர்களைப் படைவேடு பேருந்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

6. முடிபுகள்

ஒன்று: நகரும் இல்லம் தொண்டை நாட்டுப் பழஞ்சரக்கு. இரண்டு: தறி வீட்டில் வளர்ந்தவருக்கு இடநெருக்கடி ஒரு பொருட்டல்ல. மூன்று: ஸ்டேபிள்ஸ் வீட்டோடு ஊர் சுற்றினார்; ஆரணியிலோ வீடு தனியாகச் சுற்றுலா போகிறது, வீட்டார் பேருந்தில் நின்றுகொண்டே போய் அதைச் சந்திக்கிறார்கள்.

இத்தனை செலவுக்குப் பதில் படைவேட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கலாமே என்ற மறுப்பு எழலாம். அறைக்குள் பின்கதவு இல்லை. காலை எங்கே விடுவது?