மாஜி

ஊருக்கு ஒரு மாஜி கவுன்சிலர் உண்டு. கஞ்சி போட்ட வேட்டி, பைக்குள் இருக்கும் தலைவர் படம் வெளியே தெரியும்படி மெல்லிய வெள்ளைச் சட்டை. பதவி போனாலும் சலவைக் கடைக்காரருக்கு வரும்படி குறையவில்லை.

2011 அக்டோபரில் ஜெயித்தார். அப்போது கட்டுக்கட்டாக அடித்த லெட்டர்பேடு இன்னும் தீரவில்லை. ‘நகர்மன்ற உறுப்பினர்’ என்பதற்கு முன்னால் ‘முன்னாள்’ என்று பேனாவால் எழுதிக்கொள்கிறார். அதைப் படிக்கக் கண்ணாடி போதாது, பூதக்கண்ணாடி வேண்டும். அவர் திறந்துவைத்த சின்டெக்ஸ் தொட்டியில் தண்ணீர் வந்து பல காலம் ஆகிறது. அதிலுள்ள கல்வெட்டைக் கழுவ மட்டும் வீட்டிலிருந்து ஒரு குடம் கொண்டுவருகிறார்.

பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்ய, நகராட்சிகளைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருஷத்துச் சொச்சமும் மாஜிக்குப் பொற்காலம். தேர்தலே இல்லாதபோது தோற்பது எப்படி? “என்னைத் தோற்கடிக்க எவனாவது பொறந்திருக்கானா தம்பி?” என்று டீக்கடையில் கேட்பார். யாரும் மறுத்துப் பேச முடியாது. டீக்குக் காசு கொடுப்பவர் அவர்.

கடைசியில் தேர்தலும் வந்தது, கூடவே பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது. இவருடைய வார்டு பெண்கள் வார்டாயிற்று. மாஜி கலங்கவில்லை. வீட்டம்மாவை நிறுத்தினார். நோட்டீசில் கும்பிட்டபடி நின்றவர் இவர். வேட்பாளர் மூலையில், ரேஷன் கார்டுப் போட்டோவில். அந்தம்மா வீதி வீதியாக நடந்ததில் முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

வாக்கு எண்ணிக்கை நாளில் மாஜியை ஒட்டி நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. முதல் மெஷினைத் திறந்ததும், “நான் லீடிங்கு!” அடுத்ததில், “நாங்க கொஞ்சம் இறங்கியிருக்கோம்.” கடைசி மெஷினும் முடிந்தபோது, “அவ தோத்துட்டா.”

லட்டு ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. நல்லவேளையாக டெபாசிட் தப்பியது. கட்டிய 2,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும் சந்தோஷத்துக்கென்று அதற்கும் மேல் விலையுள்ள லட்டைத் தெருவெல்லாம் கொடுத்தார். ஜெயித்தவர் வீட்டுக்கும் ஒரு பெட்டி போனது. இந்த மனசு எல்லாருக்கும் வராது, உண்மையாகவே சொல்கிறேன்.

இன்றும் கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பதில்லை. ‘முன்னிலை’ வரிசையில் தன் பெயர் எத்தனையாவது என்றுதான் பார்க்கிறார். அழைக்கப்போன பெண் வீட்டார், “கவுன்சிலர் இருக்காங்களா?” என்று கேட்டால், உள்ளேயிருந்து அந்தம்மா, “மாஜி இருக்காரு. நான் தப்பிச்சவ, அடுப்படியில இருக்கேன்” என்று குரல் கொடுக்கிறார்.

அடுத்த தேர்தல் நெருங்குகிறது. வேட்பாளருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால், மாஜி போன வாரம் மருமகளின் ஆதார் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மருமகள் மறுநாளே பெட்டியோடு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.