நஞ்சுக்கு ஒரு கணக்கெடுப்பு

கே: 'நிலைத்த கரிம மாசு' என்று அடிக்கடி படிக்கிறேன். பாமரனுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா? (திண்டுக்கல் வாசகர்)

ப: எளிதில் சிதையாது. உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கும். சின்ன மீனைவிட அதைத் தின்ற பெரிய மீனில் கூடுதலாக இருக்கும். காற்றிலும் நீரிலும் ஏறி நாடு விட்டு நாடு போகும். இந்த நான்கு குணமும் சேர்ந்து, உயிர்களுக்குத் தீங்கும் செய்தால், இத்தகைய மாசுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பட்டியலில் இடம் உண்டு. 2001-இல் அதில் 12 பெயர்கள் இருந்தன. இன்று 30-க்கும் மேல்.

கே: சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சுவரில் டிடிடி அடித்துவிட்டுப் போவார்கள். அதையா நஞ்சு என்கிறீர்கள்? (மன்னார்குடி வாசகி)

ப: அதைத்தான். மலேரியாவிலிருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியதும் அதேதான். இரண்டும் உண்மை. அதனால்தான் ஒப்பந்தம் அதை ஒரேயடியாகத் தடுக்காமல், நோய் பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக மட்டும் விதிவிலக்கு தந்தது. இந்தியாவில் விவசாயத்துக்கு டிடிடி பயன்படுத்தத் தடை வந்தது 1989-இல்.

கே: ஒப்பந்தத்தில் சேர்ந்தாயிற்று. பிறகு எதற்கு ஒரு தேசியச் செயலாக்கத் திட்டம்? (சேலம் வாசகர்)

ப: எது, எங்கே, எவ்வளவு, யார் கையில் என்று தெரியாமல் எதை ஒழிப்பது? ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு, சேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் ஒவ்வொரு நாடும் திட்டம் தர வேண்டும் என்கிறது. இந்தியா 2006 ஜனவரியில் உறுதிசெய்தது. திட்டத்தைக் கொடுத்தது 2011-இல். மூன்றாண்டுத் தாமதம் சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தத் திட்டத்துக்காகத்தான் அதே பட்டியலில் உள்ள, பழைய மின்சாதனங்களில் இருக்கும் பிசிபி (பாலிகுளோரினேட்டட் பைபினைல்) எண்ணெயை நாடு தழுவிய அளவில் முதன்முதலாகக் கணக்கெடுத்தார்கள்.

கே: நான் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு டிரான்ஸ்பார்மரில் பிசிபி இருக்கிறதா என்று பார்த்தே சொல்ல முடியுமா? (ஈரோடு வாசகர்)

ப: சில நேரம் முடியும், பல நேரம் முடியாது. சிக்கலே அங்கேதான். தீப்பிடிக்காது என்பதற்காக ஒரு காலத்தில் உலகம் முழுக்க இந்த எண்ணெயை டிரான்ஸ்பார்மரிலும் கெபாசிட்டரிலும் ஊற்றினார்கள். பெயர்ப்பலகையில் அஸ்கரெல், அரோக்ளோர், பைரனால் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். சுத்தமான பிசிபி எண்ணெய் தண்ணீரைவிடக் கனம். ஒரு சொட்டு விட்டால் அடியில் போய் உட்காரும். சாதாரண எண்ணெய் மிதக்கும்.

ஆனால் பெரும் தொல்லை கலப்படத்தில் இருக்கிறது. எண்ணெயைச் சுத்திகரிக்கும் வண்டி ஒன்றே ஊர் ஊராகப் போகும். ஒரு பழைய டிரான்ஸ்பார்மரில் இருந்த பிசிபி அந்தக் குழாய் வழியாக அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று ஏறிவிடும். பிசிபி-யை என்றுமே ஊற்றாத சாதனத்திலும் பத்து லட்சத்தில் 50 பங்கு என்ற வரம்பைத் தாண்டி இருக்கலாம். அந்த எண்ணெய் தண்ணீரில் மிதக்கத்தான் செய்யும், உங்களை ஏமாற்றும். குளோரின் இருக்கிறதா என்று காட்டும் கையடக்கச் சோதனைக் கருவியில் முதலில் பார்த்து, சந்தேகப்பட்டதை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றையும். வேறு வழியில்லை. அதுவரை கையுறை போடாமல் பழைய எண்ணெயைத் தொடாதீர்கள். மூட்டுவலிக்குத் தடவுகிறேன் என்று யாராவது கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கே: இந்தியாவில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது? (கோவை வாசகி)

ப: முதற்கட்டக் கணக்கு பத்தாயிரம் டன்னை ஒட்டி வந்தது. முதற்கட்டக் கணக்கு என்பது கேட்ட இடத்தில் பதில் சொன்னவர்களின் கணக்கு. பெரிய ஆலைகளும் மின்வாரியங்களும் பதில் சொல்லும். மூடிய ஆலையின் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடப்பதும், காயலான் கடைக்குப் போய்விட்டதும் படிவம் நிரப்பாது. 2016-இல் வந்த ஆணை, பிசிபி-யைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுத்ததோடு, பயன்பாட்டுக்கு 2025 டிசம்பர் 31 என்று கெடு வைத்தது. கணக்கில் வராத டிரான்ஸ்பார்மருக்கு எந்தக் கெடுவும் தெரியாது.

கே: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? (மதுரை வாசகர்)

ப: உதவும் என்று ஸ்வீடன் காட்டியிருக்கிறது. ஸ்டாக்ஹோமில் 1972 முதலே தாய்ப்பால் மாதிரிகளைச் சேமித்து வந்தார்கள். 1990-களின் இறுதியில் அவற்றை எடுத்துச் சோதித்தபோது, சோபாவிலும் கணினியிலும் தீ பரவாமலிருக்கச் சேர்க்கும் ஒரு வகை புரோமின் வேதிப்பொருள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி வந்தது தெரிந்தது. தடைகள் வந்தன, அளவு இறங்கியது. குளிர்பெட்டியில் பொறுமையாகச் சேர்த்து வைத்த பால், ஒரு கண்டத்தின் சட்டத்தை மாற்றியது.

கே: நான் நான்கு மாதக் குழந்தையின் தாய். மேலே உள்ளதைப் போன்ற செய்திகளைப் படித்தாலே பயம். பால் கொடுப்பதை நிறுத்தலாமா? (வேலூர் வாசகி)

ப: நிறுத்தவே கூடாதம்மா. தாய்ப்பாலைச் சோதிப்பது அது கெட்டது என்பதற்காக அல்ல. கொழுப்பில் தங்கும் நஞ்சை, ஊசி குத்தாமல், ஊரின் நிலையைச் சொல்லும்படி அளக்க அது நல்ல வழி, அவ்வளவுதான். இந்த ஆய்வுகளை முன்னின்று நடத்திய உலக சுகாதார நிறுவனமே தாய்ப்பால் கொடுக்கும்படிதான் சொல்கிறது. நீங்கள் தைரியமாகக் கொடுங்கள். அந்தப் பாலில் எதுவும் சேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அரசுக்கும் ஆலைக்கும் உரியது. தாயின் தலையில் அதைக் கட்டுவது அநியாயம்.

கே: டயாக்சினை யாரும் தயாரிப்பதே இல்லையாமே. பின் எப்படிக் கணக்கெடுப்பது? (சென்னை வாசகர்)

ப: டயாக்சின் எரியும்போது தானாக உண்டாகும் நஞ்சு. அதனால் எரிப்பதைக் கணக்கெடுக்கிறார்கள். எத்தனை டன் குப்பை திறந்தவெளியில் எரிந்தது, எத்தனை டன் மருத்துவக் கழிவு எந்த உலையில் எரிந்தது என்று திரட்டி, டன்னுக்கு இவ்வளவு டயாக்சின் என்ற காரணியால் பெருக்குவார்கள். தெருமுனையில் கொளுத்தும் பிவிசி குழாய்க்கும், செம்புக்காகச் சுடும் மின்கம்பிக்கும், போகி விடியலில் எரியும் டயருக்கும் யார் எடை பார்த்தார்கள்? அந்த இடத்தில் கணக்கு வெறும் ஊகம்தான்.

கே: காசர்கோடு எண்டோசல்பான் துயரம், கணக்கு இருந்திருந்தால் தவிர்ந்திருக்குமா? (நாகர்கோவில் வாசகர்)

ப: குறைந்தது சீக்கிரம் நின்றிருக்கும். முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை இந்தப் பூச்சிக்கொல்லியை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் குழு மேல் குழு. நோய்க்கு இதுதான் காரணமா என்ற வாதம் முடியவே இல்லை. தெளிக்கத் தொடங்கும் முன்பே அந்த ஊர்களின் மண், கிணறு, பிள்ளைகளின் உடல்நிலை எல்லாம் முறையாகப் பதிவாகியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருந்திருக்கும். உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது 2017-இல். படுக்கையில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை காலம் நிரூபணம் சுமந்தவர்கள் அந்தத் தாய்மார்கள்.

கே: நான் குளோர்பைரிபாஸ் அடிக்கும் விவசாயி. அதுவும் பட்டியலில் வந்துவிட்டதாமே? (தஞ்சை வாசகர்)

ப: வந்துவிட்டது, 2025-இல், சில விதிவிலக்குகளோடு. ஆனால் பட்டியலில் புதிதாகச் சேர்வது எதுவும் தானாக நம்மைக் கட்டாது. தனியே உறுதிசெய்தால்தான் கட்டும் என்று இந்தியா முதலிலேயே அறிவித்துவிட்டது. 2020-இல் ஏழு வேதிப்பொருள்களுக்கு மத்திய அமைச்சரவை அப்படி ஒப்புதல் தந்தது. எனக்கு இந்த முறையில் உடன்பாடில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. நீங்கள் அதுவரை காத்திருக்காதீர்கள். மாற்று என்ன என்று வேளாண் அலுவலரை இந்தப் பருவத்திலேயே கேளுங்கள்.

கே: என்னைப் போன்ற சாதாரண ஆள் என்ன செய்ய முடியும்? (விருதுநகர் வாசகி)

ப: பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் எத்தனை டிரான்ஸ்பார்மரில் பிசிபி சோதனை நடந்தது, எத்தனையில் 50-ஐத் தாண்டியது, தாண்டியவை இப்போது எங்கே இருக்கின்றன? இந்த மூன்றே கேள்விகள் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.