குளிப்பாட்டிய கரங்களுக்கு ஒரு கும்பிடு

எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஏற்றுக்கொள்ளும் பெருமனது படைத்த, ஏ.சி. காத்திருப்பறையோடு கூடிய கார் சர்வீஸ் மையத்தின் மேலாளர் சமூகத்துக்கு, பழைய ஆம்னி வேன் வைத்திருக்கும் மனுதாரர் பணிவோடு தெரிவித்துக்கொள்வது:

நேற்று மாலை டெலிவரி எடுத்த வேன், தங்கள் கேட்டைத் தாண்டும் முன்பே மூச்சை விட்டது. "வழியை மறைக்காதீங்க சார், ஓரமாத் தள்ளுங்க" என்று காவலாளி விசில் ஊத, மனைவி ஸ்டியரிங்கைப் பிடிக்க, மனுதாரரும் மைத்துனரும் தள்ளினார்கள். அந்த நல்ல முகூர்த்தத்தில்தான் சட்டைப்பையில் தங்கள் குறுஞ்செய்தி கூவியது: எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்?

முதலில் பாராட்டு. வேன் பளபளவென்று இருந்தது. தள்ளியவர்கள் இருவரின் முகமும் பின்கதவில் அத்தனை தெளிவாகத் தெரிந்தது.

"டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு அணையவே மாட்டேங்குது" என்பதுதான் மனுதாரர் சொன்ன ஒரே குறை. சர்வீஸ் அட்வைசர் அதை டேப்லெட்டில் பக்தியோடு பதிந்துகொண்டார். வேன் குளிப்பாட்டப்பட்டது, புது பேட்டரியும் மாட்டப்பட்டது. சில நாளில் ஹெட்லைட் மங்கி, ஹாரன் முனகத் தொடங்கியது. மறுபடி வந்தார். மறுபடி குளியல், இந்த முறை டயருக்கு மெருகும் உண்டு. காய்ச்சல் என்று வந்தவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு அனுப்பும் வைத்தியம் இதுதான் போலும்.

பேட்டரியின் வேலை வண்டியைக் கிளப்பிவிடுவது. ஓடுகிற வண்டிக்குக் கரண்ட் கொடுப்பதும், பேட்டரிக்குத் திரும்பச் சார்ஜ் ஏற்றுவதும் ஆல்டர்னேட்டர். அது படுத்துவிட்டால் 35 ஏ.ஹெச். புது பேட்டரியும் கைமாற்றுக் காசுதான். ஹெட்லைட் இரண்டுக்கே சுமார் 10 ஆம்பியர் போகும். காகிதக் கணக்கில் மூன்றரை மணி நேரம், வைப்பரும் ஸ்பார்க்கும் சேர்ந்தால் அதுவும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. ரெண்டு நிமிஷ வேலை! அதைக்கூடச் செய்யாமல் பில் போட்டீர்களே, ராத்திரியில் நெடுஞ்சாலையில் விளக்கு அணைந்து, பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் யார் பதில் சொல்வது? வண்டியில் குழந்தைகள் இருந்தார்கள்!

மன்னிக்கவும், மேன்மை தங்கிய மேலாளரே. வேனின் பளபளப்பில் மனுதாரருக்குச் சற்றுக் கண் கூசிவிட்டது.

இன்று காலை தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, முள் 12-ஐத் தாண்டவில்லை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். பெல்ட்டைத் தளர்த்தி ஆல்டர்னேட்டரை இறக்கிப் பிரித்தார். கார்பன் பிரஷ் தேய்ந்து நகக்கண் அளவு நின்றது. ஸ்லிப் ரிங்கில் பள்ளம். பேரிங்கைச் சுற்றினால் கரகரத்தது. கிரீஸ் போன இடத்தில் ஈரம் இருந்தது. "கீழேர்ந்து பிரஷர் தண்ணி அடிச்சிருக்காங்கண்ணே" என்றார். ஆக, தங்கள் கைவண்ணம் உள்ளே வரைக்கும் போயிருக்கிறது.

பிரஷ் மட்டும் போட்டால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் ரிங்கும் பேரிங்கும் போனபின் முழுசாக மாற்றுவதே மேல் என்றார் அவர். "இந்த மாடலுக்கு பார்ட்ஸே வராது சார், எக்ஸ்சேஞ்சில் புதுசு பாருங்க" என்று தங்கள் அட்வைசர் அருள்வாக்குச் சொன்ன அந்தச் சாமான் ஜி.பி. ரோட்டில் மதியத்துக்குள் கிடைத்தது. 1984-ல் வந்து 2019 வரை தயாரான வண்டி, ஊரெல்லாம் ஓடுகிறது. சென்னையில் அதற்குச் சாமான் இல்லை என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். மாட்டி, பெல்ட்டை இறுக்கி, மீட்டரை வைத்தார்: 14.2. விளக்கு அணைந்தது. அவர் வண்டியைக் கழுவவில்லை.

ஆகவே மனுதாரர் கோருவது: தேவையில்லாமல் மாட்டிய பேட்டரிக்கு வாங்கிய பணமும், கழற்றி வைத்துக்கொண்ட பழைய பேட்டரிக்குப் பில்லில் கழிக்காத எக்ஸ்சேஞ்ச் தொகையும் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே புகார்க் கட்டணம்கூடக் கிடையாது. வாட்டர் வாஷுக்கு வாங்கிய தொகையை மட்டும் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பில்லில் எழுதியபடி நடந்த வேலை அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
மனுதாரர்