நாளைக்கு வாங்க!

கேள்வி: ஏனுங்க, பாஸ்புக்கில் வரவு போடப் போனால் ‘பிரிண்டர் ரிப்பேருங்க, நாளைக்கு வாங்க’ என்கிறார்கள். மறுநாள் போனால் ‘சர்வர் வேலை செய்யலைங்க.’ என்னதான் பண்றது?
– விசைத்தறிக்காரர், கருமத்தம்பட்டி

பதில்: கரண்ட் இல்லை என்று நீங்கள் தறியை நிறுத்தினால், பாவு கொடுத்த ஜவுளிக்காரர் கூலியைக் கூட்டியா தருவார்? வங்கிக்கும் அந்த மாதிரிச் சாக்கு செல்லாதுதான். ஆனாலும் கவுண்ட்டரில் இருப்பவர் மேல் பாயாதீர்கள். நகைக் கடன், ஆதார் இணைப்பு, இன்சூரன்ஸ் விற்பனை எல்லாம் அவர் ஒருவர் தலையில்தான். புகாரை எழுதி மேலாளரிடம் கொடுங்கள். நகலில் சீல், தேதி வாங்குங்கள். அந்தச் சீலுக்கு மட்டும் சர்வர் தேவையில்லை! 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

கேள்வி: எங்கள் அப்பாருக்கு வயது எழுபத்தைந்து. பணம் எடுக்க வரிசையில் நிற்க முடியவில்லையே?
– பேத்தி, சோமனூர்

பதில்: 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தர ஏற்பாடு செய்யுமாறு 2017-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கிளையில் அதைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். நீங்களே கேளுங்கள், அம்மிணி, கேட்டால்தான் கிடைக்கும்.