கழட்டின கையோடை: ஹெட் கஸ்கற் மாற்றுதலின் எல்லை குறித்த ஓர் ஆய்வு

மோட்டார் வாகன இயந்திரத்தில், உருளைகளைத் தாங்கி நிற்கும் புளொக் என்னும் அடிக்கட்டைக்கும் அதன்மேல் மூடியாக அமரும் ஹெட் என்னும் தலைக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் நசுங்கிக் கிடந்து, எரியும் வாயுவையும் ஓடும் தண்ணீரையும் சுழலும் எண்ணெயையும் ஒன்றோடொன்று சேரவிடாது மறிக்கின்ற தகடு ஹெட் கஸ்கற் எனப்படும். இதனை மாற்றும் முறையைப் பழுதுபார்ப்புக் கைந்நூல்கள் சில பக்கங்களில் சொல்லி முடித்துவிடுகின்றன. ஆயினும் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில் அமைந்த தர்மபுரம் போன்றதோர் ஊரின் வீதியோரக் கராஜில் இவ்வேலை எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாயிருக்க, எங்கே முடிகிறது என்பது இன்றுவரை முறையாக ஆராயப்படவில்லை. அக்குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய்நாடல் முதலில் வருகிறது. புகைக்குழாய் வெண்புகை கக்குதல், கசிவு கண்ணில் படாமலே றேடியேற்றர்த் தண்ணீர் குறைதல், எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினால் கறுப்பெண்ணெய்க்குப் பதிலாகப் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கூழ் ஒட்டிவருதல் ஆகிய மூன்றும் சேர்ந்து தோன்றுமிடத்து ஐயத்துக்கு இடமில்லை. எனினும் மெக்கானிக் வாய் திறக்குமுன்னரே, பூவரச நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கும் பெரியவர் ஒருவர் “தம்பி, கஸ்கற் போட்டுது” என்று தீர்ப்பளித்துவிடுவது மரபு. இப்பெரியவர் எக்கராஜிலும் வேலை பார்ப்பவரல்லர். ஆனால் எக்கராஜும் அவரின்றி இயங்குவதாகத் தெரியவில்லை.

இனி ஆய்வின் மையத்துக்கு வரலாம். ஹெட் கழற்றப்பட்டுச் சாக்கின்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டதும் மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தவாறு, “அண்ணை, கழட்டின கையோடை வால்வையும் ஒருக்காப் பாத்துவிடுவம்” என்கிறார். இவ்வாக்கியத்தில் அடங்கிய தத்துவத்தைக் கையோடைக் கோட்பாடு எனப் பெயரிடலாம். ஒரு பாகத்தை அணுகுவதற்கான சிரமம் ஏற்கெனவே பட்டாயிற்று என்பதால், அதற்கு அடுத்துள்ள பாகத்தைப் பாராமல் விடுவது வீண்செலவாகும் என்பது அதன் சாரம். உரிமையாளர் இதனைப் பணம் பறிக்கும் தந்திரமெனக் கருதுவது இயல்பே. ஆனால் இக்கோட்பாட்டின் கொடுமை அது பெரும்பாலும் உண்மையாயிருப்பதில்தான் உள்ளது. சூடேறி வளைந்த ஹெட்டை மட்டம் சீவாமல் புதுக் கஸ்கற் வைத்தால் அதுவும் நில்லாது. ஆகவே ஹெட் கிளிநொச்சி லேத்துக்குப் பயணமாகிறது. மட்டம் சீவி, வால்வுகளையும் அரைத்து இருத்திவிட்டால் மேற்பகுதி காற்றுப் புகாதபடி இறுகுகிறது. அதுவரை மேலும் கீழுமாகப் பங்கிட்டுக் கசிந்துவந்த அமுக்கம் முழுவதும் இப்போது பிஸ்டனைச் சுற்றியுள்ள பழைய றிங்குகள்மேல் விழ, அவை தம் வயதை மறைக்க வழியின்றி நீலப்புகையாக ஒப்புக்கொள்கின்றன. றிங் மாற்றப் பிஸ்டனை இறக்கவேண்டும். இறக்கினால் பியறிங் தெரிகிறது. பியறிங் தெரிந்தால் கிராங்கின் தேய்வும் தெரிகிறது. ஒரு தகட்டை மாற்றக் கொண்டுவந்தவர் இவ்வாறாக முழு ஓவர்ஹோலுக்கு உடன்பட்டவராகிறார். உடன்பட்ட கணம் எதுவென்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இச்சங்கிலி ஏனைய ஊர்களிலும் உண்டென ஆட்சேபிக்கப்படலாம். ஆனால் வன்னியில் அதற்குத் தனியொரு வரலாறு இருக்கிறது. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபின், பெற்றோல், மின்கலம், உதிரிப்பாகம் முதலியன வவுனியாவுக்கு அப்பால் அருமருந்தாயின. ஓஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை உசுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கமாயிற்று. இதே முறைக்கென இங்கிலாந்தின் கொவென்றியில் 1949 முதல் டீ-ஈ-டி 20 என்னும் பெர்குசன் உழவியந்திரம் தனியாகவே வடிவமைக்கப்பட்டு விற்கப்பட்டது. அதன் அமுக்க விகிதம், அதாவது எரிகலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்காக நெருக்குகிறது என்னும் கணக்கு, வேண்டுமென்றே தாழ்த்தப்பட்டிருந்தது. வன்னிக்கு வாய்த்த கார்களோ பெற்றோலுக்கென ஏழிலிருந்து எட்டரை மடங்குவரை நெருக்கும்படி செய்யப்பட்டவை. அவ்வளவு நெருக்கலை மண்ணெண்ணெய் பொறுப்பதில்லை. தீச்சுடர் வந்து சேருமுன்னரே தானாக வெடித்துப் பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிக்கிறது. அவ்வடியின் சூட்டில் இரண்டு உருளைகளுக்கு நடுவேயுள்ள ஒடுங்கிய இடத்திற் கஸ்கற் முதலில் கருகும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி வழிந்து எண்ணெயை நீர்க்கச்செய்து பியறிங்கையும் தின்னும். ஆகவே கையோடைக் கோட்பாட்டை வன்னி மெக்கானிக் கண்டுபிடிக்கவில்லை. எரிபொருள் அவருக்குக் கற்பித்தது.

இங்கே ஒரு விசித்திரச் சுழற்சி கவனத்துக்குரியது. கருகிய கஸ்கற்றை மாற்ற ஹெட்டை மட்டம் சீவுகிறார்கள். சீவச் சீவ எரியறை சிறுக்கிறது. எரியறை சிறுக்க அமுக்க விகிதம் ஏறுகிறது. விகிதம் ஏறினால் மண்ணெண்ணெய் இன்னும் பலமாக அடித்து அடுத்த கஸ்கற்றைக் கருக்குகிறது. மருந்தே நோய்க்கு எருவாகும் இச்சுழலை அறுக்கத் தடித்த கஸ்கற் வைப்பதும், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைப்பதும் இயந்திரவியல் அறிந்த பரிகாரங்களே. ஆனால் ஒன்றுக்கே வழியில்லாத காலத்தில் இரண்டை விதிப்பது அறிவுரையாகாது. அதே 1990களில் தெற்கே காலியில் மொறிஸ் மைனரின் உடற்பாகங்கள் புதிதாகச் செய்யப்பட்டு, அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே கப்பலேறின என்பதையும், அதே காருக்கான ஒரு தகடு வவுனியாவைக் கடக்க முடியாதிருந்தது என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுடையது.

பழைய கஸ்கற்றை மீட்பது பற்றியும் சிறிது கூறவேண்டும். செம்புத் தகடு ஒருமுறை நசுங்கியபின் இறுகிவிடும். அதனைச் செந்நிறமாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தால் மீண்டும் இளகும். உருக்கை இவ்வாறு தோய்த்தால் அது மேலும் கடினமாகும் என்பதால், கொல்லுப்பட்டறையிற் பழகியவர்கள் இதனை முதலில் நம்புவதில்லை. தகட்டை உலர்வாக வைப்பதா, கிறீஸ் பூசி வைப்பதா என்பதில் இரு மரபுகள் உண்டு. இருசாராரும் மற்றவர் போட்ட கஸ்கற் போனதையே தம் ஆதாரமாகக் காட்டுவதால் விவாதம் முடிவதாயில்லை.

இறுக்குதலே வேலையின் உச்சம். மொறிஸ் மைனரின் ஹெட்டை ஒன்பது நட்டுகள் பிடிக்கின்றன. நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி, ஒரே மூச்சிலன்றிப் படிப்படியாக, 40 இறாத்தல்-அடி முறுக்கம்வரை அவற்றை இறுக்கவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் தகடு நடுவிற் புடைத்துவிடும். இம்முறுக்கத்தை அளக்க ரோர்க் றென்ச் என்றொரு கருவி உண்டு. அது இல்லாதவிடத்து மெக்கானிக்கின் முழங்கை அளவுகோலாகிறது. “இன்னும் கால்வாசி” என்று பெரியவர் நிழலிலிருந்து சொல்வதும், “இல்லை, காணும்” என்று முழங்கை மறுப்பதும் இக்கட்டத்திலேயே நிகழ்கின்றன.

கழற்றுவதற்கும் ஒரு விதியுண்டு: இயந்திரம் முற்றாக ஆறியபின்னரே நட்டுகளைத் தளர்த்தவேண்டும், இல்லையேல் ஹெட் வளையும். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதே வீதியால் உழவியந்திரப் பெட்டிகளிற் சனம் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது ஆறவிடுவதற்கான அந்நேரம் எவருக்கும் கிடைக்கவில்லை. சூடேறி நின்றவை நின்ற இடத்திலேயே விடப்பட்டன. ஓடிச்சென்றவையும் முள்ளிவாய்க்காலுக்கு அப்பாற் செல்லவில்லை.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்ததனால், இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களுக்கு மறுபிறப்பு வாய்த்தது. அதற்கிடையே 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தாவலில் ஏறியதால், அதனை மலிவான மாற்றாகக் கருதும் பழைய பொருளியலும் முடிவுக்கு வந்தது.

எஞ்சுவது மறு இறுக்கம். புதுக் கஸ்கற் சூட்டில் அமர்ந்து மேலும் நசுங்கும் என்பதால், பழைய வகை இயந்திரங்களில் சில நூறு மைல் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்கவேண்டும் எனக் கைந்நூல்கள் விதிக்கின்றன. மெக்கானிக்கும் அதனைச் சொல்லியே அனுப்புகிறார். ஆனால் கராஜுக்குத் திரும்பிச் சென்றால் அங்கே மீண்டும் எதையாவது கழற்றுவார்கள் என்றும், கழற்றினால் கோட்பாடு மீண்டும் தொடங்கும் என்றும் உரிமையாளர் அனுபவத்தால் அறிந்திருக்கிறார். அம்மைல்கள் நிரம்புமுன் “இப்பதான் கஸ்கற் போட்டது” என்ற நற்சான்றோடு காரை விற்றுவிடுவதே அவர் கண்ட வழி. வாங்க வருபவரும் இவ்வூர்க்காரரே ஆதலால், விலையைக் கேட்குமுன் ஆறிக்கிடக்கும் இயந்திரத்தின் றேடியேற்றர் மூடியைத் திறந்து, இயந்திரத்தை இயக்கச்சொல்லி, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்க்கிறார்.