ஹீரோ வீட்டு விருந்தாளி

என் அபிமான எழுத்தாளர்தான் என் ஹீரோ. அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?

தாராளமாக. ஆனால், திரும்பி வர டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். தேவதைக் கதைகள் எழுதிய ஆண்டர்சனுக்கு சார்லஸ் டிக்கன்ஸ்தான் ஹீரோ. இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டு 1857-இல் டென்மார்க்கிலிருந்து வந்தவர், ஐந்து வாரம் டேரா போட்டார். அவர் கிளம்பியதும், 'ஆண்டர்சன் இங்கே ஐந்து வாரம் தங்கினார், எங்களுக்கு அது ஒரு யுகம்' என்ற பொருளில் டிக்கன்ஸ் எழுதிய சீட்டு விருந்தாளி தங்கிய அறையின் கண்ணாடியில் ஏறியது. பிறகு கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. பாவம், விருந்தாளியை மட்டும் குறை சொல்ல முடியாது. அப்போது டிக்கன்ஸின் இல்லறமே ஆட்டம் கண்டிருந்தது. அடுத்த ஆண்டு மனைவியைப் பிரிந்தார்.

அப்படியானால் தூர நின்று கும்பிடுவதே மேலா?

எழுத்தாளர் மார்க்வெஸ் அதைத்தான் செய்தார். 1957, பாரிஸ். தெருவின் எதிர்ப்புறம் அவருடைய ஹீரோ, எழுத்தாளர் ஹெமிங்வே. கிட்டே போகத் தயங்கி, "குருவே!" என்று ஒரு கத்தல். அவரும் கையசைத்து ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மார்க்வெஸுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஹீரோவின் பெயரைப் புனைபெயராக்கிக்கொள்ளலாமா?

பாரதிக்கு தாசனானார் சுப்புரத்தினம். அந்தச் சுப்புரத்தினத்துக்கு தாசனாகி, சுருக்கமாக 'சுரதா' ஆனார் ராஜகோபாலன். ஆனால், மூவரும் எழுதியது மூன்று விதம். உங்கள் விதம் எது?

உங்கள் ஹீரோ யார்?

இரவல் கொடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கேட்காதவர்.